டிக்கி திறக்க மறுத்தால்...

காரின் டிக்கியைத் திறக்கும் சுவிட்ச் இயங்காவிடில், உடனே புதியது வாங்குவது வீண்செலவாகலாம். ஒருவர் சுவிட்சை அழுத்த, மற்றவர் டிக்கியருகே நின்று செவிமடுக்கட்டும். 'டக்' என்னும் ஓசை கேட்டால் சுவிட்சில் பழுதில்லை. பெரும்பாலும் பூட்டே இறுகியிருக்கும். ஓசையே இல்லையேல் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பின்னர் சாவியால் திறந்து, மூடியின் கீலருகே செல்லும் ஒயர்களை நோக்குங்கள். மடங்கி மடங்கி அவை அறுந்துபோவதுண்டு. இவையும் சரியெனில், சுவிட்சை அழுத்தும்போது அதனைக் கடந்து மின்சாரம் செல்கிறதா என மெக்கானிக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். செல்லாவிடில் மட்டுமே மாற்றுங்கள்.

எந்நிலையிலும் குழந்தைகளை டிக்கிக்குள் விளையாட விடாதீர்கள். 1998 கோடையில் அமெரிக்காவில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் சிக்கி மாண்டனர். அதன் பின்னரே, உள்ளிருந்து திறக்கும் பிடி அந்நாட்டுப் புதிய கார்களில் கட்டாயமாயிற்று.