வீல் நட் கழல மறுக்கிறதா? பலம் வேண்டாம், பொறுமை போதும்!

மறுநாள் காலை 5 மணிக்குக் கும்பகோணம் கிளம்ப வேண்டும். நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம். முதல் நாள் மாலை பார்த்தால், காரின் பின்சக்கரத்தில் பாதிக் காற்று இல்லை. 'ஸ்டெப்னியை மாட்டிட்டு, இதைப் பஞ்சர் கடையில கொடுத்துடலாம்' என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், திருவான்மியூரில் இருக்கும் அந்த வீட்டு மாப்பிள்ளை.

ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினார். நான்கு நட்டுகளில் மூன்று வந்துவிட்டன. நான்காவது அசையவில்லை. கையால் முயன்றார், முடியவில்லை. ஸ்பேனர் மீது ஒரு காலை வைத்து ஓங்கி மிதித்தார். நட் நகரவில்லை. ஜாக்கி மீது நின்ற கார்தான் லேசாக ஆடியது. அருகில் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் 8 வயது மகள்.

"மாப்ள, காலை எடுங்க! பாப்பா, நீ இந்தப் பக்கம் வா!" என்று திண்ணையிலிருந்து சத்தம் போட்டார் மாமனார். பஸ் டெப்போ பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "கழட்டின மூணு நட்டையும் கையால திருப்பி மாட்டுங்க. காரைக் கீழே இறக்குங்க. அப்புறம் பேசுவோம்."

அந்த ஒரு சத்தம் பெரிய விபத்தைத் தவிர்த்தது. காருடன் வரும் ஜாக்கி, காரைத் தூக்கிப் பிடிப்பதற்கானது. பக்கவாட்டில் வரும் உதையைத் தாங்குவதற்கானது அல்ல.

நட் ஏன் இறுகிப்போகிறது?

முக்கியக் காரணம் துரு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே, மரைகளில் மயிரிழை அளவு இடைவெளி உண்டு. மழைநீரும் கடற்காற்றின் உப்பும் அதற்குள் புகுந்து இரும்பைத் துருவாக்குகின்றன. இரும்பைவிட துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால், இடைவெளி அடைபட்டு இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கடலோரங்களில் ஓடும் கார்களில் இது சீக்கிரமே நடக்கும்.

இன்னொரு காரணம், கடைசியாக மாட்டியவர். ஏர் கன் வைத்து அளவு பார்க்காமல் 'டர்ர்ர்' என்று இறுக்கினால், புது நட்டுகூட வீட்டு ஸ்பேனருக்கு மசியாது.

முதலில் தரையில், பிறகுதான் ஜாக்கி

சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அதன் பிறகுதான் காரைத் தூக்க வேண்டும். அதற்கு முன்பு, கார் சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்துங்கள். எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக்கொடுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அடுத்து திசை. கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் திருப்பினால் நட் கழலும். இன்றைய கார்களில் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் இதுதான். சைக்கிளின் இடது பெடலில் இருப்பதுபோன்ற எதிர்மரை, சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கரங்களில் உண்டு. பதற்றத்தில் திசை மாற்றி இறுக்கிவிட்டு, 'நட் வரவே இல்லை' என்பவர்கள் நிறைய பேர்.

எண்ணெய்க்கு நேரம் கொடுங்கள்

ஒயர் பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியுள்ள துருவையும் மண்ணையும் தேய்த்து எடுங்கள். பிறகு, துருவை இளக்கும் 'பெனட்ரேட்டிங் ஆயில்' ஸ்பிரே அடியுங்கள். எல்லோரும் அறிந்த டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. நீரை விலக்கி, துருப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. லேசான துருவுக்கு அது போதும். கெட்டியான துருவுக்கு, அதற்கென்றே உள்ள பெனட்ரேட்டிங் ஆயில் நல்லது.

அடித்த உடனே ஸ்பேனரைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எண்ணெய் மரைக்குள் இறங்குவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் தேவை. நடுவில் சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் நிதானமாக நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு, எண்ணெய்க்கு வழி கிடைக்கும். மறுபடி ஒருமுறை ஸ்பிரே அடியுங்கள். அவசரம் இல்லையென்றால் இரவு முழுக்க விட்டுவிடலாம்.

பிரேக் டிஸ்க்கிலோ, பிரேக் பேடிலோ எண்ணெய் படவே கூடாது. பிரேக் பிடிக்காமல் போய்விடும்.

நீளமே பலம்

பல சிறிய கார்களின் வீல் நட்டுகளை 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்கிறார்கள். 100 நியூட்டன் மீட்டர் விசை தருவதற்கு, 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 34 கிலோ அழுத்தம் வேண்டும். அதே ஸ்பேனர் 60 செ.மீ. இருந்தால் 17 கிலோ போதும். துருப்பிடித்த நட் இன்னும் அதிகமாகவே கேட்கும். அதனால்தான் மெக்கானிக்குகள் ஸ்பேனரின் பிடியில் இரும்பு பைப்பைச் செருகிக்கொள்கிறார்கள்.

நட்டுக்குச் சரியான அளவுள்ள, ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரே நல்லது. கொஞ்சம் லூஸாக இருந்தாலும் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஸ்பேனரைக் கடைசி வரை உள்ளே தள்ளுங்கள். பிடி இடப்பக்கம் படுக்கை வசத்தில் இருக்கும்படி மாட்டி, கீழ்நோக்கி நிதானமாக அழுத்துங்கள். ஏறிக் குதிப்பது வேண்டவே வேண்டாம். ஸ்பேனர் வழுக்கினால் முழங்காலும் முதுகும்தான் அடிபடும்.

அப்படியும் வரவில்லையா? ஒரு நூல் அளவு *இறுக்கிப்* பாருங்கள். துருவின் பிடி சில நேரம் அந்தத் திசையில் உடையும். பிறகு கழற்றுங்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று மாறி மாறித் திருப்புவதே பாதுகாப்பு. ஒரேயடியாக இழுத்தால் போல்ட் முறிந்துபோகலாம்.

இதை வீட்டில் செய்யாதீர்கள்

பட்டறையில் கேஸ் வைத்து நட்டைச் சூடாக்குவார்கள். நட் விரிவடைந்து பிடி தளரும். வீட்டில் இந்த வேலை கூடாது. டயர், பிரேக் ஹோஸ், இப்போதுதான் அடித்த ஸ்பிரே என அங்கிருப்பவை எல்லாமே தீயில் சேதமாகும், அல்லது பற்றிக்கொள்ளும்.

நட்டின் முனை மழுங்கிவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். வேறொரு நட்டை அதன்மேல் வெல்டிங் வைத்துத் திருப்புவது போன்ற வழிகள் மெக்கானிக்கிடம் உண்டு. முழுக்கச் சிதைந்த பிறகு கொண்டுபோனால் அவருக்கும் சிரமம், உங்களுக்கும் செலவு. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் போல்ட்டுகள் இறுகியிருந்தால், வீட்டில் முயலாமல் நேராகப் பட்டறைக்கே போய்விடுங்கள்.

திரும்ப மாட்டும்போது...

மரையில் மிச்சமுள்ள எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால், அதே அளவு இறுக்கினாலும் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். நட்டுகளை முதலில் கையால் சுற்றுங்கள். பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கடைசி இறுக்கு, கார் தரையில் இறங்கிய பிறகுதான். மரை தேய்ந்த நட்டை மறுபடி போடாதீர்கள்.

திருவான்மியூர் வீட்டில், எண்ணெய் ஊறும் வரை மாமனாரும் மாப்பிள்ளையும் காபி குடித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, பைப் செருகிய ஸ்பேனரை அழுத்தினார் மாப்பிள்ளை. 'க்ரீச்' என்ற சத்தத்துடன் நட் நகர்ந்தது. "எங்க டெப்போவுல இந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் காத்திருப்போம் மாப்ள" என்று சிரித்தார் மாமனார்.

மறுநாள் காலை மேல்மருவத்தூர் அருகே டீக்கு நிறுத்தியபோது, மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். சக்கரம் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும் என்பது முந்தைய இரவு மாமனார் சொன்ன கடைசிப் பாடம்!