‘ஹக்’ இனிக்கிறது, ‘கட்டிப்பிடி’ கசக்கிறதா?

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ‘ஹக்’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பார்கள். கடைசியில், “அதுக்குத் தமிழ்ல சரியான வார்த்தையே இல்லைங்க” என்று பதில் வரும். கொஞ்சம் படித்த ஆள் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், “தமிழனுக்குப் பாசத்தை வெளியே காட்டத் தெரியாது, அதனால்தான் வார்த்தையும் இல்லை” என்று ஒரு தத்துவமே சொல்லிவிடுவார்.

பச்சைப் பொய்!

அந்தக் குறுக்குரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வெள்ளாற்றின் மேல் அணைக்கட்டு இருக்கிறது. அம்மா பிள்ளையை அணைப்பதற்கும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் கட்டுமானத்துக்கும் தமிழில் ஒரே ‘அணை’. இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் ‘அணைக்கட்டு’ என்பதையே ‘அனிகட்’ என்று ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொண்டான். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது ஏறியிருக்கிறது. அவன் இங்கிருந்து அணையை எடுத்துப் போனான், இவர்கள் அங்கிருந்து ‘ஹக்’ வாங்கி வந்து, “எங்களிடம் இல்லவே இல்லை” என்கிறார்கள்.

‘ஹக்’ என்பது ஆங்கிலத்திலேயே அப்படி ஒன்றும் பழைய சொல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது. எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே உறுதியில்லை. பெயர்ச்சொல்லாக அது முதலில் குறித்தது மல்யுத்தத்தில் எதிராளியை வளைத்துப் பிடிக்கும் ஒரு பிடியை! அன்பு அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

தமிழிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. கலித்தொகையில் முல்லைக்கலி பேசும் மாடுபிடிக்குப் பெயர் ஏறு தழுவுதல். கொம்பைச் சீவிக்கொண்டு வரும் காளையின் மேல் பாய்ந்து திமிலைப் பிடிப்பதையும் ‘தழுவுதல்’ என்றுதான் சொன்னார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் கூடி நின்றபோது ஆங்கிலப் பத்திரிகைகள் இதைக் காளையை ‘அடக்கும்’ விளையாட்டு என்று எழுதின. அடக்குவது வேறு, தழுவுவது வேறு. இந்த இடத்தில் சொல் இல்லாமல் தவித்தது எந்த மொழி?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதருக்குத் தழுவக்குழைந்தார் என்றே ஒரு பெயர். கம்பையாற்றில் வெள்ளம் வந்தபோது அம்மன் மணல் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, சாமி குழைந்து போனார் என்பது தலபுராணக் கதை. காற்றுகூட நடுவில் புக முடியாத முயக்கம் இனிது என்று குறளில் வருகிறது (1108, பள்ளிக்கூடத்தில் நடத்த மாட்டார்கள்!). சாமியும் வள்ளுவரும் வெட்கப்படாத விஷயம் இது.

சரி, பிறகு ஏன் இந்தத் தயக்கம்? ‘கட்டிப்பிடி’ என்ற நல்ல சொல்லை சினிமாப் பாட்டுக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள், அதனால்தான். 2000-ல் வந்த ‘குஷி’ படத்தின் ஒரு பாட்டுக்குப் பிறகு அந்தச் சொல்லை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லவே கூச்சமாகிவிட்டது. 2004-ல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ வந்து கட்டிப்பிடி வைத்தியம் என்று அதைக் கொஞ்சம் கழுவிக் கொடுத்தது. அதன் இந்தி மூலத்திலும் ‘ஹக்’ இல்லை, ‘ஜப்பி’ என்று வடக்கத்தி மக்கள் வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் தமிழில் அந்த வைத்தியம் படத்தோடு நின்றுவிட்டது. கூச்சத்தை மறைக்க ஆங்கிலம் ஒரு முகமூடி. ‘ஐ லவ் யூ’ மாதிரிதான் இதுவும். சொன்னது போலவும் ஆச்சு, சொல்லாதது போலவும் ஆச்சு.

முகமூடி போட்டால் இலக்கணமும் மாறிவிடுகிறது. “ஒரு ஹக் குடு” என்கிறார்கள். தமிழில் முத்தம் கொடுக்கலாம். அணைப்பைக் கொடுக்க முடியாது, அணைத்துக்கொள்ளத்தான் முடியும். அந்தக் ‘கொள்’ இருக்கிறதே, அதில் அணைக்கிறவனுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. கடையில் மிட்டாய் மாதிரி நீட்டுகிற சமாச்சாரம் இல்லை அது.

அடுத்தது ‘வார்ம் ஹக்’. நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்து மே மாத வெயிலில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் வெதுவெதுப்பான அணைப்பு அனுப்பிக்கொள்கிறார்கள்! பனி பெய்யும் நாட்டுக்காரனுக்கு அன்பு என்றால் சூடு, நியாயம்தான். இந்த மண்ணில் மனசு குளிரும், பெத்த வயிறு குளிரும், நெஞ்சில் ஈரம் இருக்கும். சூடாகப் பேசினான் என்றால் சண்டை என்று அர்த்தம்.

வளர்ந்த மகனை அப்பா கட்டிக்கொள்வது ஊர்ப்பக்கம் அபூர்வம், அது உண்மைதான். அம்மா உச்சி முகர்வாள், பாட்டி கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் நெட்டி முறிப்பாள். அதோடு சரி.

ஆனால் “தமிழர்கள் கட்டிப்பிடிக்க மாட்டார்கள்” என்று சொல்கிறவர், சேத்தியாத்தோப்பைச் சுற்றி எந்தக் கிராமத்திலாவது ஒரு சாவு வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். தெருமுனையில் இறங்கும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வரும் பெண்கள், உள்ளே போனதும் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை சாய்த்து அழுவார்கள். அதற்குப் பெயர் கட்டி அழுவது. அது ஒரு கடன், ஒரு உரிமை. “எங்க அம்மா செத்ததுக்கு வந்துட்டு என்னைக் கட்டி அழாம போயிட்டா” என்ற ஒரே குறைக்காக நாத்தனாரும் அண்ணியும் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. பங்காளிச் சண்டையில் முகம் பார்க்காதவர்களும் அந்தத் திண்ணையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுச் சமாதானம் ஆனதுண்டு. பாசத்தைக் காட்டத் தெரியாத ஜனமா இது?

2020 ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. வந்த பெண்களும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று, பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போது அவர்களுக்கு என்ன இல்லாமல் போனது என்று அவர்களிடமே கேட்கலாம். “ஹக் கிடைக்கலை” என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். “கட்டி அழக்கூட முடியலையே” என்பாள்.