ஆறாத புண்ணுக்குச் சதைப் பரிசோதனை வேண்டும்

கவாத்து முடிந்த தேயிலைத் தோட்டத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டிய கிளையின் நுனி எவ்வளவு கூர்மை என்று. கணுக்காலிலும் முழங்கையிலும் கீறல் விழாமல் அந்த வேலையை முடிக்க முடியாது. நீலகிரியின் ஜெகதளாவில் இதையெல்லாம் யாரும் காயம் என்றே எண்ணுவதில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் ஆறியும் விடுகிறது. மாதம் ஒன்றாகியும் ஆறாமல் நிற்கிற புண்ணைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம்.

மண்ணிலும் முள்ளிலும் மட்கிய இலையிலும் வாழும் சில பூஞ்சைகள், இத்தகைய கீறல் வழியே தோலுக்கு அடியில் இறங்கிவிடும். படர்தாமரையைப் போல மேல்தோலோடு நிற்பவை அல்ல இவை. ஸ்போரோட்ரைகோசிஸ் என்றால், விரலில் ஒரு சிறு கட்டி வந்து, பிறகு மணி கோத்தாற்போல் கை நெடுகக் கட்டிகள் ஏறும். குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் காலில் காலிஃபிளவர் போலப் பருத்து வளரும். வலி அதிகம் இராது என்பதால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பு இவற்றை ஓரளவு கட்டிப்போட்டு வைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடுபவர், மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோரின் உடம்பில் அந்தத் தடுப்பு இல்லை. அவர்களிடம் இத்தகைய தொற்று எலும்புக்கும் ரத்தத்துக்கும் போய்விடக்கூடும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தி அல்ல. 1842இல் மதுரையில் மருத்துவர் ஜான் கில் பதிவு செய்த கால் வீக்கநோயை உலகம் இன்றும் மதுரையின் பெயரால்தான் அழைக்கிறது. மைசெட்டோமா என்ற அந்த நோயை, கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் சேர்த்தது. 2021இல் கரும்பூஞ்சை வந்தபோது, அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக நம் அரசு அறிவித்தது. அதற்கான ஆம்போடெரிசின் மருந்துக் குப்பிக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடும் என்று அன்று வீட்டுக்கு வீடு பேசினோம். அலை ஓய்ந்ததும் அந்தப் பேச்சும் ஓய்ந்தது.

இன்றும் மருந்துக்கடையில் காலை நீட்டிக் காட்டினால் ஒரு களிம்பு கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பும் அரிப்பும் இரண்டே நாளில் அடங்கும். அடியில் பூஞ்சை தாராளமாக வளரும். இந்தக் களிம்புகளில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று 2018இலேயே மத்திய அரசு விதி வகுத்தது. அதை மலையில் உறுதியாக நடைமுறைப்படுத்த வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு.

நம் முதன்மைக் கோரிக்கை எளியது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் புண் நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால், அடுத்த ஆன்டிபயாட்டிக்கை எழுதுவதற்கு முன் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தத் துணுக்கை இரண்டாக்க வேண்டும். ஒரு பாதி ஃபார்மலினில் போகட்டும். மறுபாதி நுண்ணுயிர் கலவாத உப்புநீரில் போக வேண்டும். ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும். கொன்றதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வழியில்லை. வேண்டியதெல்லாம் கூடுதலாக ஒரு சின்னப் புட்டி. அது இல்லாமல் போனால் எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம்.

அரிய நோய்க்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்பார்கள். தேடாத நோய் அரிதாகத்தான் தெரியும். அதே துணுக்கில் தோல் காசநோயும் தோல் புற்றுநோயும்கூடப் பிடிபடும். அனுமானத்தில் மருந்து கொடுப்பதோ ஆபத்து. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் இட்ரகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிட்டால், மாற்று உறுப்புக்காக அவர் ஏற்கெனவே எடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி, மாற்றிய சிறுநீரகத்தையே கெடுக்கலாம்.

ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையும் திறந்தாயிற்று. மாவட்டத்தின் பூஞ்சைப் பரிசோதனைக்கு அதன் நுண்ணுயிரியல் துறை பொறுப்பேற்க வேண்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் எடுக்கும் துணுக்குகள் அன்றன்றே அங்கே போய்ச் சேர வண்டி வேண்டும். பூஞ்சை வளர நான்கு வாரம்கூட ஆகலாம். முடிவை வாங்க நோயாளியைத் திரும்பத் திரும்ப அலையவிடாமல், அந்த முடிவை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் அவர் பேருந்து ஏறுகிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார்கள். கொடுக்கிற கையோடு, "அக்கா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று அந்தத் தன்னார்வலர் கேட்கட்டும். பூட்ஸுக்குள் ஊறிய பாதத்தையும் விரலிடுக்கையும் கணுக்காலையும் பார்த்து, ஆறாத புண் எத்தனை நாளாக இருக்கிறதென்று அட்டையில் ஒரு வரி எழுதட்டும். அடுத்த கவாத்துக்கு முன்பே ஜெகதளாவில் இதைத் தொடங்கலாம்.