கொச்சிக்கா செடியைப் பிடுங்காதீங்க

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. மச்சு இல்லாத லயத்துல அது தகரத்தைத் துளைக்கும். டயகம, அக்கரபத்தனை பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியக்காலையில புல்லு மேல உப்புத் தூவின மாதிரி இருந்தா, அன்னைக்கு மத்தியானமே கொச்சிக்கா இலை கருகித் தொங்கும். ரெண்டு நாள் பார்த்துட்டு செடியைப் பிடுங்கி எறிஞ்சிடுறோம். பிறகு வெயில் வந்ததும் புதுசா நாத்து வாங்குறோம். இந்தப் பழக்கத்தை விடணும்னுதான் இதை எழுதுறோம்.

கொச்சிக்கா ஒரு வருசச் செடி இல்ல. மெக்சிக்கோவும் தென்னமெரிக்காவும் அதோட தாய்வீடு. போர்த்துக்கேயர் கப்பல்ல ஆசியாவுக்கு வந்தது. குளிர் கொல்லாத இடத்துல பல வருசம் நின்னு தண்டு மரமாகிக் காய்க்கும். அந்தீஸ் மலையில ரொக்கோட்டோன்னு ஒரு இனம் இருக்கு, விதை கறுப்பா இருக்கும். அது குளிர்மலைக்குப் பழகி, வருசக்கணக்குல பத்தையா வளருது. நம்ம நாட்டுல பேர்போன எம்.ஐ.2 மாதிரி இனங்கள் மஹ இலுப்பள்ளமவுல, உலர் வலயத்துல உருவானது. அந்தச் சூட்டுக்குப் பொறந்த செடியை இங்க கொண்டு வந்து வச்சுட்டு, அது தானாத் தாங்கும்னு எதிர்பார்க்கிறது நியாயமில்ல.

வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல இதுக்குப் பெரிய ஏற்பாடு காட்டுறாங்க. நிலவறை, விசேஷ விளக்கு, நாலஞ்சு மாசம் செடியைத் தூங்க வைக்கிறதுன்னு போகும். லண்டன்லயும் டொராண்டோவுலயும் இருக்கிற நம்ம ஆக்களுக்கு அது வேணும், அங்க பகல்லயும் குளிர். நம்ம குளிர் வேற மாதிரி. ராத்திரி வானம் துடைச்ச மாதிரி இருந்து, காத்தும் இல்லன்னா, தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுடும். குளிர்ந்த காத்து பாரம், அது பள்ளத்துக்கு இறங்கும். அதனாலதான் ஆத்தோரமும் பள்ளக் காணியும் முதல்ல வெளுக்குது. விடிஞ்சு எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் நல்ல வெயில். ஆக, ஆபத்து சில மணி நேரத்துக்குத்தான். அந்த நேரம் செடிக்கு மேல ஒரு கூரை இருந்தாப் போதும்.

அந்தக் கூரை நம்மகிட்ட இருக்கு. இஸ்தோப்பு. பெயின்ட் வாளியில அடியில நாலு ஓட்டை போட்டு வளர்க்கிற செடியை, மாலை இஸ்தோப்புக்கு எடுத்து, தரையில வைக்காம பலகை மேல வைங்க. தரையை விட மூணடி மேல உறைபனி ராத்திரியில கொஞ்சம் சூடு கூட. ரொம்பக் குளிர்ற ராத்திரி அடுப்படிக்குள்ள வச்சிடலாம், ஆனா புகை முகத்துல அடிக்காத மூலையா பாருங்க. காலையில திரும்ப வெயிலுக்கு.

இன்னொரு வேலையை நமக்கு யாரும் கத்துத்தரத் தேவையில்ல. கவ்வாத்து. தேயிலைச் செடியை சில வருசத்துக்கு ஒருக்கா வெட்டி, திரும்பத் துளிர்க்க வைக்கிற கைகள் நம்ம வீடுகள்ல இருக்கிற கைகள்தான். வேர்ல சத்து இல்லாத செடியை வெட்டினா செத்துப்போகும். உயரமான தோட்டங்கள்ல மூச்சு விட ஒண்ணு ரெண்டு கிளையை இலையோட விட்டு வெட்டணும். அப்பாவையோ தாத்தாவையோ கேட்டுப்பாருங்க, சொல்லுவாங்க. கொச்சிக்காவுக்கும் அதே கணக்கு. டிசம்பர்ல இருக்கிற காயையெல்லாம் பறிச்சு, தண்டு ரெண்டாப் பிரியிற கவைக்கு மேல ஒரு சாண் விட்டு வெட்டுங்க. ஒரு சின்னக் கிளையை இலையோட விடுங்க. உரம் வேணாம். மண் மேல காஞ்ச பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணி. குளிர்ல ஈரத்துல நின்னா வேர் அழுகிடும். எங்க கணிப்புல பனியை விட இந்தத் தண்ணிதான் அதிகம் செடியைக் கொல்லுது, பாசத்துல ஊத்துறது.

மண்ணைப் பத்தியும் சொல்லணும். தேயிலைக்குப் புளிச்ச மண் பிடிக்கும், கொச்சிக்காவுக்குப் பிடிக்காது. தேயிலைக்குள்ள இருந்து அள்ளின மண்ணை அப்படியே வாளியில போட்டா செடி மஞ்சளாகி நிக்கும். விறகடுப்புச் சாம்பல் ரெண்டு கைப்பிடி கலந்தா புளிப்பு குறையும். தோட்டத்துல டொலமைட் போடுறதும் இதுக்குத்தான்.

எல்லாச் செடியையும் காப்பாத்தணும்னு சொல்லல. இலை சுருண்டு குருத்து குறுகிப்போன செடியை வச்சிருந்தா அடுத்த வருச நாத்துக்கும் அந்த நோயைக் கொடுக்கும், அதைப் பிடுங்கத்தான் வேணும். இலைக்கு அடியில பேன், வெள்ளை ஈ இருக்கான்னு பார்த்து, சவர்க்காரத் தண்ணியில கழுவிட்டு உள்ள எடுங்க. ரெண்டு மூணு வருசத்துக்குப் பிறகு காய்ப்பும் குறையும்.

"ஒரு நாத்து என்ன விலை, இதுக்கு இவ்வளவு பாடா?"ன்னு கேக்கிறவங்க இருக்காங்க. 2022 செப்டம்பர்ல கொழும்புக் கணக்குப்படி உணவு விலை ஒரு வருசத்துல 94.9 வீதம் ஏறியிருந்துச்சு. ரொட்டிக்குக் கொச்சிக்கா சம்பல்தான் துணைன்னு இருக்கிற வீட்டுல அது என்னன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருசம் அரசாங்கம் வீட்டுத்தோட்டம் செய்யுங்கன்னு அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துச்சு. கொழுந்து பறிக்கிறவங்களுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இல்ல. லீவு கிடைச்சிருந்தாலும் எந்த மண்ணுல நடுறது? லயத்தைச் சுத்தி இருக்கிற மண் நம்ம பேர்ல இல்ல. 7 பேர்ச்னா சுமார் 177 சதுர மீட்டர், அதுவும் வீடமைப்புத் திட்டத்துல பேர் வந்தவங்களுக்கு மட்டும். 2023ல மலையகத்துக்கு 200 வருசம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தப்ப கேட்டதுல காணியும் ஒண்ணு.

வாளியில ஒரு செடி வளர்த்தா அந்தக் கேள்வி தீர்ந்துடும்னு யாராவது சொன்னா, நம்பாதீங்க. "வாளியிலயே நல்லா வளருதே, உங்களுக்கு எதுக்குக் காணி?"ன்னு கேக்கவும் ஆள் வரும். வருசா வருசம் விதைச்சுப் பிடுங்குறது, நாளைக்கு எங்க இருப்போம்னு தெரியாதவன் விவசாயம். மூணு வருசம் ஒரு செடியைக் காக்க நினைக்கிறவன் காணியைப் பத்திக் கூடுதலாத்தான் கேப்பான்னு நாங்க நினைக்கிறோம்.

பங்குனிக் கடைசியில பனி விட்டதும் வாளியை முழு நேரம் வெளியில விட்டு, மேல் மண்ணை மாத்தி, மக்கின சாணம் போடுங்க. பழைய வேர் இருக்கிறதால புது நாத்தை விட முந்திப் பூக்கும். மே மாசக் கடைசியில தென்மேல் மழை இறங்கிடும். அப்ப பூ கொட்டாம இருக்க, அதே வாளி, அதே இஸ்தோப்பு.