படத்துக்குள் வராத ஆட்கள்

வெயில் தாழ்ந்ததும் பண்ணைப் பாலத்து ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் யாழ்ப்பாணக் கோட்டை, மறுபக்கம் மண்டைதீவு, நடுவே ஆழம் குறைந்த கடல்நீரேரி. தண்ணீரில் நட்டிருக்கும் தடிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் கமராவும் கைபேசியுமாகக் கூட்டம் சேர்கிறது. சில வேளைகளில் தோணிக்காரர் ஒருவரும் படத்தில் விழுவார். கறுப்பு நிழலாக மட்டும், முகம் தெரியாது.

அந்தத் தடிகள் அழகுக்காக நட்டவை அல்ல. சிறகுவலை கட்டுவதற்காகக் கடற்றொழிலாளர் நட்டவை. இறாலும் மீனும் நீண்டு கிடக்கும் வலையில் முட்டி, அதன் ஓரமாகவே போய்க் கடைசியில் கூட்டுக்குள் அடைபடும். எந்தத் தடி யாருடையது என்று கரையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்பவர்தான் குறைவு. முகநூலில் ஏறும்போது அந்தப் படத்தின் பெயர் 'யாழ்ப்பாணத்து அந்தி' என்பதோடு முடிந்துவிடுகிறது.

குடாநாட்டில் மலை இல்லை, அருவி இல்லை, வற்றாத ஆறும் இல்லை. ஆனாலும் ஏ-9 வீதி திறந்து, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயிலும் திரும்பி வந்த பிறகு, இந்தத் தட்டை நிலத்தைப் படமெடுக்க வருபவர்களுக்குக் குறைவில்லை. மணற்காட்டு மணல்மேடு, நெடுந்தீவுக் குதிரைகள், சுண்டிக்குளத்துப் பூநாரைகள் என்று ஒரு பட்டியலே உருவாகிவிட்டது. இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஆட்களை ஒதுக்கிவிட்டே அழகைக் காட்டுகின்றன. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் அல்ல.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். செங்குத்துப் பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் நிறைந்த அவருடைய படங்கள் அமெரிக்காவின் கிழக்குக்கரை அரசியல்வாதிகள் வரை போய்ச் சேர்ந்தன. 1864 ஜூன் 30ஆம் திகதி, அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் ஒப்பமிட்டார். புகைப்படம் ஒரு நிலத்தைக் காப்பாற்ற உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் வாட்கின்ஸ் போவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1851இல், அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை ஆயுதப் படை ஒன்று விரட்டியிருந்தது. படங்களைப் பார்த்தவர்களுக்கு அது மனிதர் கால் படாத இடமாகத் தோன்றியது.

பெருவின் மச்சு பிச்சுவிலும் இதே கதைதான். அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் 1911இல் அங்கே ஏறிப் போனபோது, பழைய படிவரப்புகளில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. 1913 ஏப்ரல் மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழ் அவருடைய படங்களோடு வந்தது. உலகம் அதை ஆளற்றுத் தொலைந்துபோன நகரமாகவே மனதில் பதித்துக்கொண்டது.

இனி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைப் பார்ப்போம். 1990இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்த பிறகு, காங்கேசன்துறை, மயிலிட்டிப் பகுதிகள் பல ஆண்டுகள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. கூரை இல்லாத வீட்டுக்குள் ஆலமரம் வேரோடியிருக்கும் காட்சி கமராவுக்கு நல்ல தீனி. ஆனால் அந்த மரம் அங்கே வளர்ந்ததற்குக் காரணம் இயற்கை அல்ல. வீட்டுக்காரர் ஏதோ ஒரு முகாமில் இருந்ததுதான். அதைச் சொல்லாமல் வெறும் அழகை மட்டும் காட்டுவது அரைப்படம்.

நெடுந்தீவிலும் அப்படித்தான். கடற்கரையில் பிடரி பறக்க ஓடும் குதிரையைப் பார்ப்பவர்களுக்கு, வறட்சியில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்த செய்தி தெரியாது. அதே தண்ணீருக்காகத் தீவுச்சனம் படும் பாடும் தெரியாது. மணற்காட்டில் மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயில் சுவரில் சாய்ந்தபடி மாப்பிள்ளையும் பொம்பிளையும் கலியாண அல்பத்துக்கு நிற்கிறார்கள். பின்னணியில் உள்ள அந்த மணலை அள்ளிக்கொண்டு போகிறார்களே என்று வடமராட்சி கிழக்கு மக்கள் எத்தனையோ தடவை குரல் கொடுத்திருக்கிறார்கள். அல்பத்தில் அதற்கு இடமில்லை.

நல்ல படம் வந்தால் ஆட்கள் வருவார்கள், படகோட்டிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நாலு காசு கிடைக்கும் என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான், யாரும் கமராவைக் கீழே வைக்க வேண்டியதில்லை. கேட்பது சின்னதுதான். புகைப்படப் போட்டி நடத்துபவர்கள் இடத்தின் சரியான பெயர், எடுத்த மாதம், அங்கே யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்ற மூன்று விவரமும் இல்லாத படத்தை ஏற்கக்கூடாது. சுற்றுலாத்துறையும் பிரதேச சபைகளும் அச்சிடும் சுவரொட்டிகளில் குதிரையோடு தீவாரும் இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் படங்களையும் சேர்க்கிறது. மயிலிட்டியில் எடுத்த இடிந்த வீட்டுப் படம், வீட்டுக்காரரின் அனுமதியோடும் அவர் சொன்ன விவரத்தோடும் அங்கே போய்ச் சேர்ந்தால், வேலி எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது என்ற கேள்வி காணிப் பிணக்கில் எழும் நாளில் அதையும் எடுத்துக் காட்டலாம்.