நடிகர் திலகமும் நம் பள்ளி மேடையும்



அக்டோபர் முதல் நாள் வந்துவிட்டால் போதும், நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் படங்களும் வசனங்களும் நம் திறன்பேசிகளில் வலம்வரத் தொடங்கிவிடும். 'இவரைப்போல் இனி ஒருவர் பிறக்கப் போவதில்லை' என்று நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். சுங்கை பெசார் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த மாபெரும் கலைஞரின் வாழ்க்கையில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர் பெற்ற பயிற்சிதான் அது. அதை விட்டுவிட்டு, அவருடைய முழக்கத்தை மட்டும் நம் பிள்ளைகளின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

கிஸ்தி என்றால் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், பள்ளி நிகழ்ச்சிக்காகக் கட்டபொம்மன் வசனத்தை மனப்பாடம் செய்து வந்தான். யூடியூபில் பார்த்து அவனாகவே கற்றுக்கொண்டது. மூன்று நிமிடம் தங்கு தடையின்றிப் பேசினான். மீசையை முறுக்கினான், வாளை உருவுவதுபோல் கையை வீசினான். எல்லாரும் கைதட்டினோம். பிறகு நான் அவனிடம், "கிஸ்தி என்றால் என்ன, தம்பி?" என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், "அந்த வெள்ளைக்காரனின் பெயர், ஐயா" என்றான்!

சிரிப்பு வந்தாலும் எனக்குள் ஏதோ உறுத்தியது. அவனை அருகில் அமர்த்தி, கிஸ்தி என்பது நிலத்திற்குக் கட்ட வேண்டிய வரியின் தவணை என்று சொன்னேன். "அப்பா மோட்டார் சைக்கிளுக்கு மாதாமாதம் பணம் கட்டுவாரே, அதுபோலவா?" என்று கேட்டான். "ஆமாம். ஆனால், அந்த மோட்டார் சைக்கிள் அப்பாவுக்கே சொந்தமானது. யாரோ ஒருவர் கடல் கடந்து வந்து, அதற்கு என்னிடம் பணம் கட்டு என்கிறார். அப்பாவுக்கு எப்படி இருக்கும்?" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. நம் பகுதியில் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் நெல் வயல்கள்தாம். வயலில் இறங்கி உழைக்காதவனுக்கு ஏன் வரி தரவேண்டும் என்பதுதான் அந்த வசனத்தின் உட்பொருள் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அதே வசனத்தை மீண்டும் பேசினான். குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது, சினமோ கூடியிருந்தது. அப்போதுதான் அவன் உண்மையில் பேசினான். அதற்கு முன் ஒப்பித்திருந்தான்.

ஏழு வயதில் தொடங்கியது

வி.சி.கணேசன் 1928 அக்டோபர் 1இல் பிறந்தார். சிறு வயதில் அவர் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான், தாமும் நடிகராக வேண்டும் என்ற ஆசையை அவர் உள்ளத்தில் விதைத்தது. ஏறத்தாழ ஏழு வயதில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தவை வீர வேடங்கள் அல்ல. சீதையாக நடித்தார், பரதனாக நடித்தார், சூர்ப்பணகையாகவும் நடித்தார்.

இத்தகைய 'பாய்ஸ் கம்பெனி' மரபுக்குத் தமிழ்நாட்டில் அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867–1922). மதுரையில் 1918இல் அவர் தொடங்கிய பாலர் சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். எம்.ஜி.ஆரும் வேறொரு பாலர் குழுவில் வளர்ந்தவரே. அந்தக் குழுக்களில் பயிற்சி அளித்தவரை 'வாத்தியார்' என்றே அழைத்தார்கள். இந்தச் சொல் ஒன்றே நமக்குப் போதும். நாடகக் குழு ஒருவகைப் பள்ளியாக இருந்தது.

அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் என்ன? முதலில் கேட்டல். சிறுவர்கள் மேடையின் ஓரத்தில் நின்று மூத்தவர்கள் பேசுவதை நாள்தோறும் கேட்டார்கள். அடுத்து உச்சரிப்பு. ழகரமும் ளகரமும் லகரமும் தனித்தனியே ஒலிக்கவேண்டும். அதன் பின்னர் மூச்சு. எந்த இடத்தில் மூச்சை இழுத்தால் நீண்ட தொடரின் கடைசிச் சொல் தேயாமல் வரும் என்பதைப் பழகினார்கள். ஒலிபெருக்கியை நம்ப முடியாத காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் சென்று சேர வேண்டும். இறுதியாக, ஒருவர் வேடத்தை மற்றவர் ஏற்கும் ஆயத்தம். இன்று தோழியாக வந்த சிறுவன் நாளை அரசனாக வரவேண்டியிருக்கும்.

அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைக் கண்டு, தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' கணேசன் என்று அழைத்தார். ஆண்டு 1946. பின்னர், 1952 அக்டோபர் 17இல் 'பராசக்தி' திரைக்கு வந்தது. கலைஞர் மு.கருணாநிதியின் வசனத்தை அவர் பேசியபோது நாடே வியந்தது. முதல் படம் என்று நாம் சொல்கிறோம். அதற்குப் பின்னால் ஏறத்தாழ பதினேழு ஆண்டுப் பயிற்சி இருந்தது. மின்னலைப் பார்த்தவர்கள் மேகம் திரண்ட நேரத்தை எண்ணுவதில்லை.

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து இரங்கூன் சென்ற தமிழ்க் குடும்பத்தின் கதைதான் 'பராசக்தி'. போர் வந்து அவர்களைச் சிதறடிக்கிறது. பால்மரக் காட்டுக்கு வந்த நம் முன்னோர்களின் நினைவு வராமல் அதைப் பார்க்க முடியுமா? என் தந்தையார் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயை விரித்து, குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்த அந்த மக்களுக்கு எழுத்தறிவு குறைவாக இருந்திருக்கலாம். ஆனால், நல்ல தமிழ் எப்படி ஒலிக்கும் என்பதை அவர்களின் காது அறிந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்ததில் சிவாஜிக்குப் பெரும் பங்குண்டு.

'மிகை நடிப்பு' என்பவர்களுக்கு

"சிவாஜி அதிகமாக நடிப்பார், இன்றைய பிள்ளைகளுக்கு ஒத்துவராது" என்று இளம் ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மேடைக்குப் பழகிய குரல் சில படங்களில் திரைக்குப் பெரிதாகவே இருந்தது.

ஆயினும், 1954இல் வெளிவந்த இரண்டு படங்களைப் பாருங்கள். 'மனோகரா'வில் அரசவை அதிரப் பேசியவர், அதே ஆண்டில் எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' படத்தில் பாடலே இல்லாத கதையில், அடங்கிய குரலில் நடித்தார். 1964இல் 'நவராத்திரி'யில் ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது வேடம் ஏற்றார். நடையும் குரலும் ஒவ்வொன்றிலும் மாறின. 1985இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் ஊர்ப் பெரியவராக வந்து, பார்வையாலும் மௌனத்தாலும் நம்மைக் கலங்க வைத்தார்.

இடத்திற்கும் கேட்பவருக்கும் தக்கபடி குரலை அளந்து கொடுக்கத் தெரிந்தவர் அவர். மாணவனுக்குத் தேவையானதும் அதுவே. சபைகூடலில் பேசும் குரல் வேறு; பாட்டியிடம் நலம் கேட்கும் குரல் வேறு; வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசவேண்டிய குரல் வேறு.

மறுபக்கமும் உண்டு

பாலர் குழுக்களைப் பொற்காலம் என்று போற்ற நான் முன்வரவில்லை. பெற்றோரைப் பிரிந்து, ஊர் ஊராக அலைந்து, ஏட்டுக்கல்வியை இழந்த பிள்ளைகள் அவர்கள். சிவாஜிக்கும் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. பள்ளியில் இருக்கவேண்டிய வயதில் உழைத்த சிறுவர்களின் வியர்வை அந்த மேடைகளில் இருக்கிறது. அந்த முறை மறைந்தது நல்லதே.

ஆனால், முறை மறைந்தபோது அதனுள் இருந்த பயிற்சியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்து கற்கும் வகுப்பறை இருக்கிறது. பாய்ஸ் கம்பெனியில் இல்லாதவை எல்லாம் இருக்கின்றன. அங்கே இருந்த காதும் குரலும்தான் இங்கே இல்லை!

ஒருவருக்கு மேடை, மற்றவர்களுக்குக் கைதட்டல்

நம் பேச்சுப் போட்டிகளை எண்ணிப் பாருங்கள். உரையை ஆசிரியர் எழுதுகிறார். நன்றாகப் பேசக்கூடிய ஒரு மாணவர் தெரிவு செய்யப்படுகிறார். ஒரு மாதம் அவருக்கு மட்டும் பயிற்சி. எந்தச் சொல்லுக்கு வலக்கையை உயர்த்துவது, எந்தச் சொல்லுக்கு நெஞ்சைத் தொடுவது என்பதுகூட முன்பே முடிவாகிவிடுகிறது. பள்ளிக்குக் கோப்பை வருகிறது, நாமும் மகிழ்கிறோம். மற்ற மாணவர்கள்? அவர்கள் ஆண்டு முழுவதும் கைதட்டுகிறார்கள். ஆறாண்டுத் தமிழ்க் கல்விக்குப் பிறகும் எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளையைத்தான் இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பி வைக்கிறோம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வுத் தாளுக்காகவே கற்பித்தோம் என்ற காரணத்தை இனி நாம் சொல்ல முடியாது. கலைத்திட்டத்தில் கேட்டல், பேச்சுத் திறன் இருக்கிறது; வகுப்பறை மதிப்பீட்டிலும் அதற்கு இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை, தோட்டங்களைவிட்டு மக்கள் வெளியேறியதால் பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. 150க்கும் குறைவான மாணவர்கள் இருந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பெயர் வந்துவிடுகிறது. பெற்றோர்களும் அந்தப் பெயரைக் கேட்டுத் தயங்குகிறார்கள். பேச்சுப் பயிற்சியைப் பொறுத்தவரை அந்தச் சிறுமை ஒரு பேறு. பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் பன்னிரண்டு பேரும் ஒரே வாரத்தில் மேடை ஏறிவிடலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது நடக்குமா?

என்ன செய்யலாம்?

என் வகுப்பில் செய்து பார்த்துப் பயன் கண்டவற்றைக் கீழே தருகிறேன்.

1. *ஒரு வாக்கியம், ஒன்பது உணர்ச்சி.* "அப்பா வந்துவிட்டார்" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். மகிழ்ச்சியோடு ஒருவர், அச்சத்தோடு ஒருவர், வியப்போடு ஒருவர் என்று சொல்லட்டும். 'நவராத்திரி'யில் சிவாஜி செய்ததும் இதுதான். பத்து நிமிடம் போதும். பேசவே பேசாத பிள்ளையும் வாய் திறக்கும், சொல் இரண்டுதானே!

2. *பொருள் முதலில், மனப்பாடம் பிறகு.* பொருள் தெரியாத ஒரு சொல்லைக்கூட மாணவர் மேடையில் சொல்லக்கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாணவரே தம் சொந்தச் சொற்களில் முழுவதையும் ஒருமுறை சொன்ன பிறகுதான் மனப்பாடம்.

3. *பாடநூல் கதையே நாடகம்.* இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, ஐந்து நிமிட நாடகம். ஒப்பனை வேண்டா, செலவும் இல்லை. மறுமுறை வேடங்களை மாற்றுங்கள். திருடனாக நடித்தவன் திருட்டுக் கொடுத்தவனாகவும், அண்ணனாக நடித்தவன் தங்கையாகவும் நிற்கட்டும். சீதையாக நின்ற சிறுவன்தான் பின்னாளில் கட்டபொம்மனாகவும் நின்றான். பிறர் நிலையில் நின்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

4. *வீட்டில் ஐந்து நிமிடம்.* இது பெற்றோர்களுக்கு. இரவில் திறன்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்லக் கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். சொல்லி முடித்த பிறகு, பிழையான ஒரு சொல்லை மட்டும் நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் பேசவிடுங்கள். தமிழ் முதலில் காதுக்குத்தான் வரவேண்டும்.

நிறைவாக

புகழின் உச்சியில் இருந்தபோதும் சிவாஜி மேடையைக் கைவிடவில்லை. அவர் தம் நாடக மன்றத்தின் வழி 1957இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை அரங்கேற்றினார். 1959இல் அது படமாயிற்று. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழா அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. 280க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பிரான்சு நாட்டின் செவாலியே விருதும், தாதா சாகேப் பால்கே விருதும் வந்தன. 2001 ஜூலை 21இல் அவர் மறைந்தார். இத்தனைக்கும் தொடக்கம், ஒரு சிறுவன் தன் ஊரில் பார்த்த ஒரு கூத்து. அந்தக் கூத்தை ஆடியவர்கள், பார்வையாளர் கூட்டத்தில் யார் இருக்கிறார் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். நம் வகுப்பில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதை நாமும் அறியமாட்டோம்.

2028இல் நடிகர் திலகத்தின் நூற்றாண்டு. விழாக்கள் நடக்கும், மாலைகள் விழும், அவருடைய வசனங்களை ஒப்பிக்கும் போட்டிகளும் நடக்கும். நடக்கட்டும். தமிழ்ப்பள்ளிகள் அவருக்குச் செய்யக்கூடிய சிறப்பு வேறு. அந்த ஆண்டில் நம் பள்ளியைவிட்டு வெளியேறும் ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும், தாமே எண்ணிய நான்கு வாக்கியத்தை, எழுத்துப் பிசகாமல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நின்று பேசவேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், ஆசிரியர்களே! பேசும்போது கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.