ஊருக்குள் பேசி முடித்தால் யாருக்கு முடிகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

"புருஷன் பொஞ்சாதிப் பிரச்சினைதானே, ஊருக்குள்ளேயே பேசி முடிப்போம். பொலிஸுக்குப் போனா மானம் போயிரும்."

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று நம்ம பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும், அடி வாங்கிய பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் மருந்து இந்த வசனம்தான். பள்ளிவாயலில் நாலு பேர் கூடுவார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நஸீஹத் செய்வார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று ஒரு துண்டில் கையொப்பம் வாங்குவார்கள். பெண்ணைப் பார்த்து, "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்க மகள்" என்பார்கள். அதோடு பிரச்சினை முடிந்துவிடும். யாருக்கு? கூடியிருந்த நாலு பேருக்கு. அவளுக்கு அன்றிரவே மறுபடி தொடங்கும்.

ஊர் கூடிப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. வேலித் தகராறு, சீட்டுக் காசு, அண்ணன் தம்பி கோபம் எல்லாம் அப்படித்தான் தீர வேண்டும். கணவன் மனைவிப் பிணக்குக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் வழி காட்டுகிறது: அவன் குடும்பத்தில் ஒரு நடுவர், அவள் குடும்பத்தில் ஒரு நடுவர். நம்முடைய கூட்டங்களில் அவளுடைய நடுவர் எங்கே இருக்கிறார்? பல இடங்களில் அவளே வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள். அதோடு, பிணக்கு வேறு, அடி வேறு. கையை உடைத்தவனையும் கை உடைந்தவளையும் ஒரே பாயில் இருத்தி "ரெண்டு பக்கமும் விட்டுக் கொடுங்க" என்றால், உடைந்த கைதான் விட்டுக் கொடுக்கும்.

இது நம் சமூகத்து நோய் மட்டுமல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுக்கச் செய்த ஆய்வில், ஐந்து பெண்களில் ஒருவர் கணவனால் அல்லது துணைவனால் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருந்தார். வாவிக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சகோதரிகளுக்கும் "அடங்கிப் போ" என்ற அதே புத்திமதிதான். ஆனால் நமக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. காதி நீதிமன்றம்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, கணவன் தலாக் கேட்டால் காரணம் காட்டத் தேவையில்லை. மனைவி பஸ்ஹ் கேட்டால் கணவனின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். துன்புறுத்தல் ஒரு காரணம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அறைக்குள் நடந்த அடிக்குச் சாட்சிக்கு யாரைக் கூட்டி வருவாள்? காதி ஆண். உடன் இருக்கும் மதிப்பீட்டாளர்கள் ஆண்கள். மேன்முறையீடு செய்தால் காதிகள் சபையிலும் ஆண்கள். சட்டத்தரணி தோன்றவும் அனுமதியில்லை. கட்டடமும் கிடையாது, காதியின் வீட்டு விறாந்தையில், பாடசாலை வகுப்பறையில், பள்ளிவாயல் மூலையில் விசாரணை நடக்கிறது. இத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் தன் உடம்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கப்பட்டால் "ஆதாரம் இல்லை".

இதைத் தொட்டால் உடனே "ஷரீஆவில் கை வைக்கிறார்கள்" என்ற சத்தம் வரும். எந்த ஷரீஆவில்? 1806இல் முஹம்மதியச் சட்டக்கோவையைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன். 1929இல் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. காதிகளே அதற்குப் பிறகுதான் வந்தார்கள். 1951இல் பாராளுமன்றம் திரும்ப எழுதியது. மனிதர்கள் மூன்று முறை எழுதியதை நான்காம் முறை எழுதினால் மார்க்கம் உடைந்துவிடுமா? புகாரியில் வரும் ஸாபித் இப்னு கைஸின் மனைவி தானே ரஸூலுல்லாஹ்விடம் வந்தார். கணவரின் மார்க்கத்திலும் குணத்திலும் குறை சொல்லவில்லை, ஆனாலும் சேர்ந்து வாழ முடியாது என்றார். அவரிடம் சாட்சி கேட்கப்படவில்லை. மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பீரா என்று மட்டும் கேட்கப்பட்டது. நம் விறாந்தைகளில் அந்த ஸஹாபியப் பெண்ணுக்கு எத்தனை தவணை போட்டிருப்போம்?

பெண் காதி ஆகவே முடியாது என்பவர்களுக்கு: பலஸ்தீனத்துக்காக நாம் துஆச் செய்கிறோம், ஊர்வலம் போகிறோம். அந்தப் பலஸ்தீனத்தில் 2009இல் குலூத் அல் பகீஹ் ஷரீஆ நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலேசியாவில் 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை.

ஆசிரியராக எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்த நாட்டில் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்கு வந்தே ஆக வேண்டும். 1995இல் மற்றச் சமூகங்களுக்குத் திருமண வயது 18 ஆனது. நம் சட்டத்தில் மட்டும் குறைந்தபட்ச வயதே இல்லை. 12க்குக் கீழே என்றால் காதியிடம் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பமும் தேவையில்லை, வொலியுடையது போதும். சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்தில் பிள்ளையே கையொப்பம் இட வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் படித்துப் படித்துச் சொல்கிறோம். வாழ்க்கைக்கு அது வேண்டாமா?

இதையெல்லாம் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை 2018இல்தான் கைக்கு வந்தது. ஒன்பது வருடம்! அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு நிலைப்பாடு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் மீது விழுந்த கண்கள் நமக்குத் தெரியும். 2021இல் ஞானசார தேரர் தலைமையில் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணி வந்தது. வெளியார் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி, வீட்டைத் திருத்தாமல் விட்டது யார்? நாம் செய்யாததைத்தான் அவர்கள் ஆயுதமாக எடுத்தார்கள்.

காதி நீதிமன்றத்தை அடியோடு ஒழிப்பதையும் நான் ஏற்கவில்லை. 2021இல் அமைச்சரவை அந்த வழிக்குத்தான் போனது. ஏழைப் பெண்ணுக்குக் காதி நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது, தன் மொழியில் பேசலாம், செலவு குறைவு. அதை மூடிவிட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போ, சட்டத்தரணிக்குக் காசு கட்டு என்றால் அது அவளுக்கு இரண்டாவது அடி. இருக்கட்டும், திருந்தி இருக்கட்டும். பெண் காதிகள், 18 வயது, மணமகளின் கையொப்பம், விரும்பினால் சட்டத்தரணி, முறையான அலுவலகம், ஒழுங்கான பதிவேடு. கேட்பது இவ்வளவுதான்.

சட்டம் மாறும் வரை கை கட்டி நிற்கவும் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் பெண்ணுக்கும் உரியது. மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை நீதவான் நீதிமன்றங்களில் அவளே விண்ணப்பிக்கலாம். அவளுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். 14 நாள் வரை இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அடிப்பவன் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் நீதவான் உத்தரவிடலாம். இதற்குத் தலாக்கும் வேண்டாம், பஸ்ஹும் வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் கிழக்கில் வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. வாப்பா கடன்பட்டு, வெளிநாட்டில் வெயிலில் காய்ந்து கட்டிய வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறியவர். அவர் அடித்தால் இரவில் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவது வீட்டுக்காரி! வெளியேற வேண்டியது யார் என்று எந்த நிர்வாகமாவது கேட்டிருக்கிறதா?

பொலிஸும் நீதிமன்றமும் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் "போய் சமாதானமா இருங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். உழைக்கிறவன் உள்ளே போனால் உலை கொதிக்காது. அதனால்தான் ஊர் வேண்டும் என்கிறேன். பள்ளிவாயல் நிர்வாகங்களுக்குப் பணிவோடு நான்கு விடயங்கள்:

ஒன்று, அடியும் மிரட்டலும் வந்த இடத்தில் சமரசம் பேசாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கும் பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள்.

இரண்டு, வருகிற ஒவ்வொரு முறைப்பாட்டையும் திகதியோடு எழுதி, பிரதியை அவள் கையில் கொடுங்கள். நாளைக்கு அவளுக்குச் சாட்சி அதுதான்.

மூன்று, பெண்களை உட்கார வையுங்கள். மருத்துவிச்சி, ஆசிரியை, பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று இருக்கத்தானே செய்கிறார்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தைப் பள்ளிவாயல் பலகையில் எழுதுங்கள்.

நான்கு, வழக்குப் போகும் காலத்தில் அந்த வீட்டு அடுப்பு எரிய ஸகாத் நிதியில் பங்கு ஒதுக்குங்கள். காசில்லாமல்தான் பலர் திரும்பிப் போகிறார்கள்.

இதை வாசிக்கும் சகோதரர்களே, வருகிற ஜும்ஆ முடிந்ததும் உங்கள் மஹல்லா நிர்வாகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த வருடம் எத்தனை பெண்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள், அதில் எத்தனை பேரின் வீட்டுக்குப் பிறகு போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள்?

பதிலைக் கீழே எழுதுங்கள். வஸ்ஸலாம்.